போக மறுத்த டிரைவர்கள்

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் அறிமுகப்படுத்திய முதல் பர்சனல் கம்ப்யூட்டரிலிருந்து, கருவிகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் எதையும் நீக்க முடியாது. நீக்குவதற்குத் தனியாக ஒன்றும் அதில் இருக்கவில்லை. கீபோர்டு, திரை, ஃபிளாப்பி, பிரிண்டர் ஆகியவற்றை இயக்கும் கட்டளைகளில் ஒரு பங்கு மதர்போர்டின் ரோம் சிப்பில் இருந்தது. மறு பங்கு டாஸ் இயங்குதளத்தின் மையக் கோப்புக்குள் இருந்தது. புதிய வகை வட்டு ஒன்றை இணைக்க விரும்பிய கம்பெனி, டாஸின் உள்ளேயே கைவைத்துத் திருத்த வேண்டியிருந்தது.

1983 மார்ச்சில் நிலைமை மாறியது. 10 எம்பி ஹார்ட் டிஸ்க்குடன் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தபோது, கூடவே டாஸ் 2.0 வந்தது. அதில் கான்ஃபிக்.சிஸ் என்ற சின்னஞ்சிறு உரைக் கோப்புக்கு இடம் இருந்தது. அந்தக் கோப்பில் 'டிவைஸ்' என்று எழுதி, சமக்குறி போட்டு, டிரைவர் கோப்பின் பெயரைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் துவங்கும்போதே அந்த டிரைவர் நினைவகத்தில் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் ஒரு கருவியைச் செய்து, அதற்கான டிரைவரை ஃபிளாப்பியில் போட்டு விற்கலாம். பர்சனல் கம்ப்யூட்டர் தொழில் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்கு இந்த ஒரு வரி முக்கியமான காரணம்.

அந்த நாளிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு தலைமுறைப் பொறியாளர்களும் டிரைவரை எப்படிச் சேர்ப்பது என்று ஆழமாக யோசித்திருக்கிறார்கள். எப்படி எடுப்பது என்ற கேள்வி பெரும்பாலும் பிறகுதான் வந்தது. ஏதாவது உடைந்த பிறகு, யாராவது கத்திய பிறகு, சில சமயம் நீதிமன்றம் வரை போன பிறகு.

டாஸ் காலத்தில் எடுப்பது சுலபமாகத்தான் இருந்தது. கான்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து வரியை அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கினால் முடிந்தது வேலை. அழிக்க மனமில்லாதவர்கள் வரியின் முன்னால் 'ரெம்' என்று எழுதி அதை உறங்க வைத்தார்கள். வேண்டும்போது அதை எடுத்துவிட்டால் டிரைவர் திரும்ப வந்துவிடும். எட்லின் என்ற, வரிவரியாகத் திருத்தும் பழைய எடிட்டரில் இதைச் செய்வது கொஞ்சம் சிரமம். ஆனால் என்ன நடக்கிறது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. என்னென்ன டிரைவர்கள் ஓடுகின்றன என்பது ஒரே பக்கத்தில் கண்ணெதிரே இருந்தது. இன்று எவ்வளவு தேடினாலும் அந்தத் தெளிவு கிடைக்காது.

டிரைவரை எடுக்க வேண்டிய அவசியம் அப்போது நினைவகத்தால் வந்தது. டாஸ் நிரல்கள் நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய நினைவகம் 640 கேபி மட்டுமே. மவுஸ் டிரைவர், சிடி-ரோம் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் என்று ஒவ்வொன்றும் அந்த 640-லிருந்து தனக்கொரு துண்டை எடுத்துக்கொண்டன. 1990களின் தொடக்கத்தில் வந்த சில விளையாட்டுகள் ஏறக்குறைய 600 கேபி காலியாக இருந்தால்தான் துவங்கவே செய்தன. எனவே விளையாட்டுக்கென்று ஒரு தனி ஃபிளாப்பி, அலுவலக வேலைக்கு வேறொரு ஃபிளாப்பி என்று வைத்து, எதைச் செய்யப் போகிறோமோ அதற்கேற்ற டிரைவர்களை மட்டும் ஏற்றிக் கம்ப்யூட்டரைத் துவக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது. 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 இந்தப் பழக்கத்தை இயங்குதளத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. துவங்கும் நேரத்தில் எஃப்5 விசையை அழுத்தினால் டிரைவர்கள் எதுவும் ஏறாது. எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் 'இது வேண்டுமா' என்று கேட்கும். டிரைவரை ஏற்றுவதா வேண்டாமா என்று கம்ப்யூட்டரின் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்ட காலம் அது.

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து டிரைவரை இறக்குவது மட்டும் அப்போதும் கடினம். கான்ஃபிக்.சிஸ் வழியாக ஏறியதை அணைக்காமல் இறக்க டாஸில் வழியே இல்லை. கட்டளையாக ஏற்றப்படும் நிரல்களில் சில விதிவிலக்குகள் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் மவுஸ் டிரைவர், 'மவுஸ் ஆஃப்' என்று தட்டினாலே தன்னைத் தானே நினைவகத்திலிருந்து விடுவித்துக்கொள்ளும். அதை எழுதியவர்கள் வெளியேறும் வழியையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அப்படி எழுதாத நிரல்களுக்காக, டர்போபவர் நிறுவனத்தின் கிம் கொக்கோனென் 'மார்க்', 'ரிலீஸ்' என்ற இரண்டு சிறு நிரல்களை எழுதி இலவசமாகக் கொடுத்தார். ஒரு நிரலை ஏற்றுவதற்கு முன்பு மார்க் போட்டுவைத்தால், பிறகு ரிலீஸ் கொடுத்து நினைவகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். டிரைவரை எழுதியவர் செய்யாத வேலையை மூன்றாமவர் ஒருவர் செய்துகொடுக்கும் மரபு அங்கேயே துவங்கிவிட்டது.

ஆப்பிள் மெக்கிண்டாஷ் அதே காலத்தில் வேறு வழியில் போனது. 1991-இல் வந்த சிஸ்டம் 7-இல் இத்தகைய கூடுதல் நிரல்களுக்கென்று எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற கோப்புறையே இருந்தது. வேண்டாததை மவுஸால் இழுத்து வெளியே போட்டுவிட்டு மறுபடி துவக்க வேண்டியதுதான். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி துவக்கினால் எதுவும் ஏறாது. கம்ப்யூட்டர் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய வழி இது.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தது. கருவியைச் செருகினால் கம்ப்யூட்டர் தானே அடையாளம் கண்டு டிரைவரைப் போட்டுக்கொள்ளும் 'பிளக் அண்ட் பிளே' அதன் பெருமை. அதற்கு முன்பு ஒரு சவுண்டு கார்டு வாங்கியவர், கார்டின் மேல் உள்ள ஜம்பர் ஊசிகளை இடம் மாற்றி, பிரிண்டர் போர்ட் எடுத்துக்கொண்ட ஐஆர்க்யூ 7 என்ற குறுக்கீட்டு எண்ணோடு அது மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வேதனை தெரிந்தவர்களுக்கு விண்டோஸ் 95 பெரிய நிம்மதி. டிவைஸ் மேனேஜர் என்ற பட்டியலும் அதில்தான் வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே மரத்தின் கிளைகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் 'ரிமூவ்' என்ற பொத்தானும் இருந்தது.

அந்தப் பொத்தான் செய்தது கொஞ்சம்தான். அது பட்டியலிலிருந்து கருவியின் பதிவை எடுத்தது. டிரைவர் கோப்புகள் வட்டிலேயே கிடந்தன, டிரைவரை நிறுவும் குறிப்புகள் அடங்கிய ஐஎன்எஃப் கோப்பும் மறைவான ஒரு கோப்புறையில் பத்திரமாக இருந்தது. நீக்கிவிட்டு மறுபடி துவக்கினால், பிளக் அண்ட் பிளே அதே கருவியைக் கண்டுபிடித்து, அதே பழுதான டிரைவரை அதே இடத்திலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டுவிடும். உண்மையிலேயே துரத்த வேண்டுமானால் விண்டோஸ் 98-இல் ஐஎன்எஃப் கோப்புறைக்குள் இருக்கும் 'அதர்' என்ற உட்கோப்புறை வரை போய், அந்தக் கம்பெனியின் கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். இது கையேட்டில் இருக்காது. கேள்விப்பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் துவங்கும் சேஃப் மோடில் கம்ப்யூட்டரைத் துவக்கி டிவைஸ் மேனேஜரைத் திறந்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். எப்போதோ கழற்றிப் போட்ட மானிட்டர், விற்றுவிட்ட மோடம், இரண்டு மூன்று முறை பதிவான ஒரே மவுஸ் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரர்கள் சுவரில் விட்டுப்போன ஆணிகளைப் போல, வெளியே போன ஒவ்வொரு கருவியும் விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு தடயத்தை விட்டுப் போயிருந்தது.

மைக்ரோசாஃப்ட்டின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு டிரைவர் கோப்பை இரண்டு மூன்று கருவிகள் பகிர்ந்துகொள்ளலாம். ஒன்றை எடுக்கும்போது கோப்பையும் சேர்த்து அழித்தால் மற்றவை நின்றுபோகும். எந்தக் கோப்பை யார் பயன்படுத்துகிறார்கள் என்ற சரியான கணக்கு இயங்குதளத்திடம் இல்லை. எனவே எதையும் அழிக்காமல் விட்டுவிடுவதே பாதுகாப்பு என்று முடிவு செய்தார்கள். முடிவு புரிகிறது, ஆனால் அந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே எழுதத் துவங்கியிருந்தால் அடுத்த பத்தாண்டுகளின் தலைவலி பெருமளவு குறைந்திருக்கும்.

யுஎஸ்பி வந்தபோது இந்தத் தடயங்கள் மேலும் பெருகின. சீரியல் எண் இல்லாத ஒரு யுஎஸ்பி கருவியை இன்று ஒரு போர்ட்டிலும் நாளை பக்கத்துப் போர்ட்டிலும் செருகினால், விண்டோஸ் அதை இரண்டு கருவிகளாகப் பதிவு செய்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த மறைந்த கருவிகளைப் பார்ப்பதற்கே, டிவைஸ் மேனேஜரைத் திறப்பதற்கு முன்பு நீளமான ஒரு மாறியைக் கட்டளைத் திரையில் அமைக்க வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துவைத்திருந்தவர்களுக்குத் தனி மதிப்பு இருந்தது.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு ஒரே மருந்துதான் வழக்கத்தில் இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் வீடுகளுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் போன காலம் அது. டிரைவர் தகராறு என்று கூப்பிட்டால் சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, 'ஃபார்மட் பண்ணிடலாம் சார்' என்பார். சி டிரைவை முழுக்கத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, மதர்போர்டோடு வந்த சிடியிலிருந்து சிப்செட், டிஸ்பிளே, சவுண்டு, லேன் என்று வரிசையாக ஏற்றினால் கம்ப்யூட்டர் புதிதுபோல் ஓடும். ஒரு டிரைவரைச் சுத்தமாக எடுக்க நம்பகமான வழி இல்லாததால், கம்ப்யூட்டரையே காலி செய்தார்கள். டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் இருந்த கல்யாணப் படங்களும் படிப்புக் குறிப்புகளும் அதோடு போன வீடுகள் ஏராளம். சர்வீஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் வேறு கருவி கொடுக்கப்படவில்லை.

மைக்ரோசாஃப்ட் மெல்ல மெல்லப் பரிகாரம் தேடியது. 2000-இல் வந்த விண்டோஸ் மி, கம்ப்யூட்டரைப் பழைய தேதியின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் வசதியைக் கொண்டுவந்தது. 2001-இன் எக்ஸ்பி, புது டிரைவர் சரியில்லையென்றால் முந்தையதற்குத் திரும்பும் 'ரோல்பேக்' வசதியைக் கொடுத்தது. இரண்டும் நல்ல வசதிகள். ஆனாலும் இவை பின்னோக்கி நகர்த்துபவைதான். எடுத்து வெளியே போடுபவை அல்ல.

இந்த வரலாற்றின் மிக மோசமான அத்தியாயம் ஒரு பாட்டு சிடியிலிருந்து துவங்கியது.

2005 அக்டோபர் 31 அன்று, விண்டோஸின் உள்ளமைப்பை நன்கறிந்த மார்க் ருசினோவிச் ஒரு செய்தியை வெளியிட்டார். தன் கம்ப்யூட்டரில் ஒளிந்திருந்த சில டிரைவர்களை அவர் கண்டுபிடித்திருந்தார். தேடிப் பார்த்தபோது அவை வான் ஸான்ட் இசைக்குழுவின் சோனி பிஎம்ஜி சிடி ஒன்றிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. சிடியை நகல் எடுப்பதைத் தடுக்க, ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் எழுதிய எக்ஸ்சிபி என்ற மென்பொருள் அது. டாலர் குறியோடு துவங்கும் ஒரு குறிப்பிட்ட பெயர்முறை உள்ள எல்லாக் கோப்புகளையும் அது பயனரின் கண்ணிலிருந்து மறைத்தது. சிடி டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே ஃபில்டர் டிரைவராக அமர்ந்து, போகிற வருகிற தகவலையெல்லாம் கவனித்தது. அன்இன்ஸ்டால் செய்யும் வசதி அதில் இல்லவே இல்லை.

ருசினோவிச் அந்த டிரைவர்களைக் கையாலேயே அழித்தார். மறுபடி துவக்கியபோது அவருடைய சிடி டிரைவ் காணாமல் போயிருந்தது. சிடி டிரைவ் இயங்க வேண்டுமானால் இன்ன ஃபில்டர் ஓட வேண்டும் என்று ரிஜிஸ்ட்ரியில் எழுதிவைக்கப்பட்டிருந்தது. கோப்பு போய்விட்டது, எழுதியது அப்படியே இருந்தது. ஃபில்டரைக் காணாத விண்டோஸ், சிடி டிரைவையும் துவக்க மறுத்தது. அவர் ரிஜிஸ்ட்ரிக்குள் போய் அந்தப் பதிவுகளை எடுத்துச் சரிசெய்துகொண்டார். சாதாரணப் பயனர் என்ன செய்திருப்பார்? டிரைவ் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியிருப்பார்.

உண்மையில் இந்த மாதிரி சிடி டிரைவ் மறைவது அன்று புதிதல்ல. சிடி எழுதும் மென்பொருள்களை நீக்கும்போது அவற்றின் ஃபில்டர் பதிவுகள் மிஞ்சி, டிரைவ் காணாமல் போவது எக்ஸ்பி காலத்தில் அடிக்கடி நடந்தது. 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு ரிஜிஸ்ட்ரி மதிப்புகளை எப்படிக் கையால் அழிப்பது என்று விளக்க மைக்ரோசாஃப்ட் தனிக் கட்டுரையே வெளியிட்டிருந்தது.

சோனி பிஎம்ஜி நீக்கும் நிரல் ஒன்றை வெளியிட்டது. அதைப் பெறுவதற்கே படிவம் நிரப்பிக் காத்திருக்க வேண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் அதை ஆராய்ந்து, அந்த நீக்கும் நிரல் கம்ப்யூட்டரில் விட்டுச்செல்லும் ஓட்டை வழியாக எந்த இணையதளமும் உள்ளே புகுந்து எதையும் இயக்கலாம் என்று காட்டினார்கள். வியாதியைவிட மருந்து ஆபத்தாகிவிட்டது. நவம்பர் நடுவில் நிறுவனம் சிடிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 52 ஆல்பங்கள், கடைகளுக்கு அனுப்பப்பட்டவை சுமார் 47 லட்சம், அவற்றில் விற்றவை சுமார் 21 லட்சம். டெக்ஸாஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் 2007 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மென்பொருளை நீக்க முயன்று கம்ப்யூட்டர் பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை இழப்பீடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிரைவரை நீக்கப்போய் ஏற்பட்ட சேதம் அப்போது அரசு ஆணையம் ஏற்றுக்கொண்ட நஷ்டமாயிற்று. தன் கம்ப்யூட்டரில் என்ன ஓடுகிறது என்று அறியவும், வேண்டாததை வெளியேற்றவும் அதன் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு என்பதை இந்த விவகாரம் அளவுக்கு வேறெதுவும் உரக்கச் சொல்லவில்லை.

விளையாட்டுகளிலும் இதே சச்சரவு நடந்தது. ஸ்டார்ஃபோர்ஸ் என்ற ரஷ்ய நகல்தடுப்பு மென்பொருள், விளையாட்டை நீக்கிய பிறகும் தன் டிரைவர்களைக் கம்ப்யூட்டரில் விட்டுவைத்தது. வாங்கியவர்களின் கோபம் அதிகமாகி, 2006 ஏப்ரலில் யுபிசாஃப்ட் நிறுவனம் அதைக் கைவிட்டது.

பொது வாசகர்கள் கவனிக்காத இன்னொரு பக்கம் ஆராய்ச்சி உலகில் திறந்துகொண்டிருந்தது. எக்ஸ்பியில் பதிவான செயலிழப்புகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்விஃப்ட் குழுவினர் 2003-இல் எழுதினார்கள். 2007-இல் வந்த விஸ்டாவிலும் கதை மாறவில்லை. பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட்டின் உள் ஆவணங்களில், அந்த ஆண்டு பதிவான விஸ்டா முடக்கங்களில் 28 சதவீதத்துக்கு மேல் கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் டிரைவர்கள் கணக்கில் இருந்தது.

இருந்தாலும் நீக்கும் விஷயத்தில் விஸ்டா ஒரு திருப்புமுனை. எல்லா டிரைவர் தொகுப்புகளையும் டிரைவர் ஸ்டோர் என்ற ஒரே கிடங்கில், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோடு அது வைத்தது. கருவியை நீக்கும்போது 'டிரைவர் மென்பொருளையும் அழி' என்று தேர்ந்தெடுக்க ஒரு கட்டம் கிடைத்தது. பிஎன்பியூட்டில் என்ற கட்டளை, கிடங்கில் உள்ளவற்றைப் பட்டியலிட்டுக் காட்டி, வேண்டாததை எண் சொல்லி வெளியேற்றியது. 1983-இல் ஒரே பக்கத்தில் தெரிந்த பட்டியல், 24 ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் திரும்பிவந்தது.

ஆனால் கிராபிக்ஸ் கார்டு டிரைவர்களுக்கு இதுவும் போதவில்லை. அவை தனி டிரைவர்களாக வருவதில்லை. கூடவே கட்டுப்பாட்டுப் பலகை, சேவைகள், ஆடியோ பகுதி, நூற்றுக்கணக்கான ரிஜிஸ்ட்ரி பதிவுகள் என்று ஒரு பெரும் படையே வரும். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 டிரைவரைப் போட்டவர்களில் சிலருக்குக் கார்டின் விசிறி வேகமெடுக்கவில்லை, கார்டுகள் சூடேறின. நிறுவனம் அதை விலக்கிக்கொண்டு, பழைய 196.21-க்குத் திரும்பச் சொன்னது. இத்தகைய நேரங்களில் அரைகுறையாக நீக்குவது ஆபத்து. கார்டு கம்பெனியை மாற்றுபவர்களுக்கும் பழைய மிச்சங்கள் தொல்லை கொடுத்தன. அதற்காகவே டிரைவர் கிளீனர், டிரைவர் ஸ்வீப்பர் என்று வெளியார் எழுதிய நிரல்கள் வந்தன. அவற்றின் வழித்தோன்றலான டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியூ, இன்றும் விளையாட்டுப் பிரியர்களிடம் முதல் சிபாரிசு. சேஃப் மோடில் துவக்கி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு இதை ஓட்ட வேண்டும். துண்டிக்காவிட்டால், நீக்கிய டிரைவரை விண்டோஸ் அப்டேட் உடனே மறுபடி இறக்கிவிடும்.

இந்தத் திரும்ப இறக்கும் பழக்கம் 2015-இல் விண்டோஸ் 10 வந்த பிறகு எல்லை மீறியது. ஒத்துவராத டிரைவரைப் பயனர் நீக்குவார். விண்டோஸ் திரும்பப் போடும். புகார்கள் குவிந்ததால், குறிப்பிட்ட டிரைவரை மறைத்துவைக்கும் சிறு நிரலொன்றை மைக்ரோசாஃப்ட் தனியாக வெளியிட வேண்டியதாயிற்று. விண்டோஸ் 95-இன் பிளக் அண்ட் பிளே செய்த அதே பிழை, இணையத்தின் பலத்தோடு இருபதாண்டுகள் கழித்து நடந்தது.

சில நேரம் டிரைவரை நீக்கினாலும் சேதம் மிஞ்சும். கிளாஸ்கோவைச் சேர்ந்த எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சிப்புகளுக்குச் சந்தையில் போலிகள் அதிகம். 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் புதிய டிரைவர், போலி சிப்பைக் கண்டால் சிப்பின் உள்ளேயே இருக்கும் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. பிறகு அந்த டிரைவரை நீக்கியும் பயனில்லை. எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்தச் சிப் உள்ள கேபிள் அடையாளம் இழந்தே நின்றது. போலி என்று தெரியாமல் வாங்கிய மாணவர்களும் பொறியாளர்களும் தண்டிக்கப்பட்டார்கள். எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் அந்தப் பதிப்பை விலக்கிக்கொண்டது. கள்ளச் சரக்கு விற்றவரைத் தண்டிக்காமல் வாங்கியவரின் பொருளைக் கெடுப்பதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது.

லினக்ஸ் உலகம் இந்த விஷயத்தில் முன்னுதாரணம். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரே கட்டளையில் டிரைவரை இறக்கலாம். யாராவது பயன்படுத்திக்கொண்டிருந்தால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைச் சொல்லித் தடுக்கும். பெரும்பாலான டிரைவர்களின் மூலநிரல் ஒரே இடத்தில் இருப்பதால், காலாவதியானவற்றை வெளிப்படையாகவே அகற்றவும் முடிகிறது. பழைய ஐடிஇ வட்டு டிரைவர்களின் தொகுதி 2021-இல் வந்த 5.14 பதிப்பில் அப்படித்தான் விடைபெற்றது. ஆப்பிளும் 2019-இல் மேக்ஓஎஸ் கேட்டலினா முதல் டிரைவர்களைக் கெர்னலுக்கு வெளியே ஓட வைக்கும் முறைக்கு மாறத் துவங்கியது. அந்த முறையில், செயலியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் அதன் டிரைவரும் கூடவே போய்விடும்.

விண்டோஸுக்கு அந்தப் பாடம் 2024 ஜூலை 19 அன்று வந்தது. இந்திய நேரம் காலை 9:39 மணிக்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தகவல் கோப்பை அனுப்பியது. கெர்னலுக்குள் ஓடும் அதன் டிரைவர் அதைப் படித்ததும் கம்ப்யூட்டர் நீலத்திரையில் விழுந்தது. மறுபடி துவக்கினால் மறுபடி விழுந்தது. 78 நிமிடங்களில் நிறுவனம் பிழையைத் திருத்திவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கம்ப்யூட்டர்கள், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, 85 லட்சம். அந்த டிரைவர் கம்ப்யூட்டர் துவங்கும் முதல் கட்டத்திலேயே ஏறுவது. பல கம்ப்யூட்டர்களில் நெட்வொர்க் விழித்துத் திருத்தம் வந்துசேர்வதற்கு முன்பே அது விழுத்தாட்டிவிடும்.

தீர்வு என்ன? ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்பும் ஒரு மனிதர் போய் நின்று, சேஃப் மோடில் துவக்கி, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் நுழைந்து, 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் முதலில் 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்ட வேண்டும். எஃப்5, எஃப்8 காலத்து வேலைதான். இம்முறை மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் விமான நிலையங்களிலும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் கொடுக்கப்பட்டன. கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக நடந்து இரவு பகலாக அந்தக் கோப்பை அழித்த சிஸ்டம் அட்மின்களின் உழைப்பால்தான் உலகம் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் துவங்க மறுக்கும் கம்ப்யூட்டர்களைத் தொலைவிலிருந்தே சரிசெய்யும் வசதியை அறிவித்தது. பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையும் துவங்கியது.

இதற்கிடையே பழைய டிரைவர்கள் குற்றவாளிகளின் ஆயுதமாகவும் மாறியிருந்தன. கென்ஷின் இம்பாக்ட் என்ற விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை ரேன்சம்வேர் கும்பல் ஒன்று பயன்படுத்தியதை 2022 ஆகஸ்ட்டில் டிரெண்ட் மைக்ரோ வெளியிட்டது. விளையாட்டே இல்லாத கம்ப்யூட்டருக்கு அந்த டிரைவரை மட்டும் கொண்டுவந்து போட்டு, அதன் அதிகாரத்தால் ஆன்டிவைரஸை அணைத்தார்கள். முறையான கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் அதைத் தடுக்கவில்லை. அதே ஆண்டின் விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து, ஆபத்தான டிரைவர்களின் தடைப்பட்டியல் இயல்பாகவே இயங்கத் துவங்கியது.

2025-இல் மைக்ரோசாஃப்ட் தானே நீக்கும் வேலையில் இறங்கியது. விண்டோஸ் அப்டேட்டில் குவிந்திருந்த பழைய டிரைவர்களைக் களையப் போவதாக ஜூனில் அறிவித்தது. அக்டோபர் மாத அப்டேட், அகேரே நிறுவனத்தின் மோடம் டிரைவர் ஒன்றை, தன்னை நிறுவிய விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து அகற்றியது. டயல்-அப் காலத்து டிரைவர் அது. தொலைபேசி வயரைக் கம்ப்யூட்டரில் செருகியே பார்த்திராத தலைமுறையின் லேப்டாப்களிலும் விண்டோஸோடு சேர்ந்தே வந்து உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு ஓட்டையைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மோடம் பயன்பாட்டில் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஓட்டையை அடைக்காமல் டிரைவரையே தூக்கியதால், அந்த ஃபேக்ஸ் மோடங்களை இன்னும் நம்பியிருந்தவர்களுக்கு அவை அன்றோடு நின்றன.

எனவே பழைய பிரிண்டரையோ ஸ்கேனரையோ கிராபிக்ஸ் கார்டையோ கழற்றிக் கொடுப்பவர்கள், அன்றைக்கே அதன் டிரைவரையும் அனுப்பிவிட வேண்டும். முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் மறைந்த கருவிகளையும் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பெயர்களில் உங்களிடம் இனி இல்லாத கருவி எதுவென்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும், டிரைவரையும் சேர்த்து அழிக்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து நீக்குங்கள். பெயர் புரியாததைத் தொட வேண்டாம்.